அப்பிடி ஒருத்தரும் இல்லை

அமிர்தநாதரின் மகன் டெனிஸ்டன் புட்போல் விளையாடுகிறான் என்று கேள்விப்பட்ட சனமெல்லாம் முதலில் அவனுடைய கால்களைத்தான் பார்த்தது. அந்தப் புட்போல் இல்லை, இது கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிற புட்போல் என்று சொல்லிச் சொல்லியே அவன் களைத்துப்போனான். தலையில் கவசம், தோளில் தகடு, எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஆளை ஆள் விழுத்துகிற ஒரு விளையாட்டுக்கு எதற்காகக் காலின் பெயரை வைத்தார்கள் என்று அமிர்தநாதர் கேட்டார். நியாயமான கேள்விதான். ரொறன்ரோவில் இன்றுவரை ஒருவரும் அவருக்கு அதற்கு ஒழுங்கான பதில் சொன்னதில்லை.

டெனிஸ்டன் வைட் றிசீவர். அதாவது, நடுவில் தடியன்கள் எல்லாரும் முட்டித் தள்ளிக்கொண்டிருக்க, மைதானத்தின் ஓரத்தில் தனியாக நின்று, பந்து கிளம்பியதும் ஓடுகிறவன். ஓடி, முன்னரே பேசிவைத்த ஓரிடத்தில் சட்டென்று திரும்புவான். அவன் திரும்புவதற்கு முன்னரே பந்து எறியப்பட்டிருக்கும். பிடித்த மறுகணம் இரண்டு பேர் மேலே வந்து விழுவார்கள். விழுவார்கள் என்று தெரிந்துகொண்டும் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் விசயம், ஆனால் அந்த அவ்வளவைச் செய்ய லேசில் ஒருவனாலும் முடியாது. டெனிஸ்டனைவிட வேகமாக ஓடக்கூடியவர்கள் அணியில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவனைப்போல் பிடிக்க ஒருவரும் இல்லை. வலக்கைச் சின்னிவிரல் இரண்டு தரம் முறிந்து கோணிப்போயிருந்தது. அந்த விரலோடும் பிடித்தான்.

நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நான்கு பருவங்கள் விளையாடினான். மூன்றாவது பருவத்தில், ஒக்ரோபர் மழைக்குள், கோட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த பந்தை ஒற்றைக் கையால் எட்டிப் பிடித்துச் சேற்றில் விழுந்து எழும்பினான். மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. அடுத்த கிழமை ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடக்கும் பத்திரிகையிலும் வந்தது. மகன் பந்துக்குப் பின்னால் ஓடி மண்டையை உடைக்கப் போகிறான் என்று இரண்டு வருடமாகத் திட்டித் தீர்த்த அமிர்தநாதர், படத்தைக் கண்டதும் தலைகால் தெரியாமல் ஆடினார். மொன்றியலில் இருந்த ஒன்றுவிட்ட தம்பி முதல் பாரிசில் இருந்த மச்சாள் வரை ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. மகன் சம்பளத்துக்கு விளையாடப் போகிறான், ரிவியில் வரப்போகிறான் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். இந்தத் தகப்பன்மாரை என்ன செய்வது?

இனி அந்த வீட்டுத் தொலைபேசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது.

டெனிஸ்டனின் தாய் பேர்ணடெற். அவளுடைய தம்பி யோசப் அவர்களோடுதான் இருந்தான். அகதி வழக்கில் அவனுக்கு மறுப்புச் சொல்லி, நாட்டை விட்டுப் போ என்றுவிட்டார்கள். அவன் போகவில்லை. போக அவனுக்கு எந்த நாடு இருந்தது? விடியும் முன்னரே வெள்ளாப்பில் வேலைக்குப் போய், வந்து, யன்னல் சீலையை இழுத்துவிட்டுப் படுப்பான். குடிவரவுக்காரர் எந்த நேரமும் போன் எடுக்கலாம், வீட்டில் உள்ள எவருடைய பெயரையும் சொல்லிக் கேட்கலாம், கதை கொடுத்தால் கதையிலேயே ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்பது அந்தக் காலத்தில் எங்கள் சனத்துக்குள் உலாவிய பயம். அன்சரிங் மெசின் வைக்கவும் யோசப் விடவில்லை. பகலில் வீட்டில் போனை எடுக்கிறவள் பேர்ணடெற். ஒருநாள் ஓர் ஆங்கிலக் குரல் எடுத்துக் கேட்க, அவள் பதறி, போனைக் கையில் பிடித்தபடியே அறைப்பக்கம் பார்த்து "யோசப்!" என்று கூப்பிட்டுவிட்டாள். எடுத்தவன் கார்பெற் கழுவுகிற கொம்பனிக்காரன். ஆனாலும் யோசப் ஒரு கிழமை வீட்டில் படுக்கவில்லை.

அப்போது டெனிஸ்டனுக்குப் பதினைந்து வயது. வீட்டில் ஆங்கிலம் பாய்ந்து பேசுகிறவன் அவன் ஒருவன்தான். தாய்க்கு ஒரு வசனத்தை அவனே செய்து கொடுத்தான். "நோ சச் பேர்சன் ஹியர். றோங் நம்பர்." சொன்னவுடன் போனை வைத்துவிட வேண்டும். யார் என்று கேட்கக்கூடாது, யெஸ் சொல்லக்கூடாது, மறுமொழிக்குக் காத்திருக்கக்கூடாது. பாடமாக்கியதோடு விடவில்லை, பயிற்சியும் கொடுத்தான். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, தொண்டையைத் தடிப்பாக்கி, வெள்ளைக்கார ஒபிசர் மாதிரி ஒவ்வொரு பெயராகக் கேட்பான். யோசப் இருக்கிறாரா? அமிர்தநாதர் இருக்கிறாரா? அவள் அகப்பைக்காம்பைக் காதில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுவாள். கடைசியில் தன் பெயரையே சொல்லிக் கேட்டான். பேர்ணடெற் திகைத்துப்போனாள்.

"உன்ர பேரைச் சொல்லிக் கேட்டாலும் இல்லையெண்டோ சொல்லுறது?"

"என்ர பேரைக் கேட்டாத்தான் அம்மா இன்னும் கவனமா இருக்கோணும். என்னைப் பிடிச்சு வைச்சு மாமாவைக் கேப்பாங்கள்."

அவள் அதையும் பிடித்துக்கொண்டாள். நாலு நாளில் அந்த ஒரு வசனத்தை மட்டும் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பெட்டை மாதிரிச் சொல்லத் தொடங்கிவிட்டாள். அத்தனையும் மகனின் உச்சரிப்பு. யோசப் கைதட்டிச் சிரித்தான். அந்த வீட்டில் அப்போதெல்லாம் சிரிப்பு அரிதாகத்தான் வரும், அதனால் அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

பிறகு யோசப்புக்கு இருக்க அனுமதி கிடைத்தது. கலியாணம் முடித்து அஜக்ஸுக்குப் போய்விட்டான். அமிர்தநாதர் மில்லிக்கனில் வீடு வாங்கினார். பழைய போன் நம்பரும் கூட வந்தது, அந்த வசனமும் கூட வந்தது. ஆபத்து முடிந்துவிட்டது, இனி வேண்டாம் என்று பேர்ணடெற்றுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவுமில்லை. டெனிஸ்டனின் சினேகிதர்களும் பயிற்சியாளரும் அவனைத் தேடினால் பேஜரில் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு எடுப்பது தமிழ்ச் சனம், இல்லாவிட்டால் எதையாவது விற்கிறவன். விற்கிறவர்களை அவள் அந்த ஒரே வசனத்தால் துரத்திக்கொண்டிருந்தாள். வீட்டாருக்கு அது வசதியாகவும் இருந்தது.

நான்காவது பருவத்தின் நடுவில் டெனிஸ்டனின் பின்தொடையில் தசை கிழிந்தது. மூன்று ஆட்டங்கள் விளையாடாமல் மைதானத்து ஓர வாங்கில் இருந்தான். அடுத்த இளவேனிலில், சம்பளத்துக்கு விளையாடும் அணிகள் பல்கலைக்கழகப் பெடியன்களைப் பெயர் சொல்லித் தெரிவு செய்கிற நாள் வந்தது. அமிர்தநாதர் வீடு நிறைய ஆட்களைக் கூப்பிட்டு வைத்திருந்தார். ஆட்டிறைச்சிக் கறி, கேக், வீடியோக் கமரா, ஒன்றுக்கும் குறைவில்லை. பெயர்கள் வந்தன, போயின. டெனிஸ்டனின் பெயர் வரவேயில்லை. சாப்பிட்டுவிட்டுச் சனம் மெல்ல மெல்லக் கழன்றது. கடைசி ஆள் போனதும் பேர்ணடெற் கேக்கை மூடி உள்ளே வைத்தாள்.

"அவங்கள் எங்கடையளை எடுக்க மாட்டாங்கள்," என்றாள். "நிறத்தைப் பாத்துப்போட்டாங்கள்."

அன்றிலிருந்து வீட்டில் அதுவே பேச்சு. டெனிஸ்டன் மறுக்கவில்லை. எதிரணி வாங்குகளில் இருந்து தன் காதில் விழுந்த பேச்சுக்களை அவன் ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை. அதையெல்லாம் கேட்டவனுக்குத் தாய் சொன்னது பொய்யாகத் தெரியவில்லை.

ஆனால் அத்தோடு முடியவில்லை. இரண்டு கிழமை கழித்து, கனடாவின் மேற்கு மாகாணத்து அணி ஒன்றுக்கு ஆள் தேடுகிறவர் பல்கலைக்கழக மைதானத்துக்கு வந்து அவனை ஓடவிட்டுப் பார்த்தார். எல்லாரும் உன் தொடைக்குத்தான் பயந்தார்கள், கைக்கு இல்லை என்றார். ஜூனில் அணியின் பயிற்சிக் காம்ப் தொடங்கும், ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு றிசீவர் முறிந்துபோவான், முறிந்தால் முதல் ஆளாக உன்னைத்தான் கூப்பிடுவேன், கூப்பிட்டால் அன்றைக்கே விமானம் ஏற வேண்டும் என்றார். நிச்சயமாகப் பிடிக்கக்கூடிய ஒரு நம்பர் கேட்டார். பல்கலைக்கழகம் முடிந்ததோடு பேஜரை டெனிஸ்டன் விட்டுவிட்டான். வீட்டு நம்பரைக் கொடுத்தான். எப்போதும் வீட்டில் யாராவது இருப்பார்கள் என்று பெருமையாக வேறு சொன்னான்.

வீட்டில் இதை மூச்சு விடவில்லை. சொல்லி, தகப்பன் மறுபடியும் பாரிசுக்கு எடுத்து, மறுபடியும் ஒன்றுமில்லாமல் போனால்? ஒருதரம் பட்ட வெட்கம் போதும் என்றிருந்தது. புட்போலை விட்டாச்சு என்று எல்லாருக்கும் சொன்னான். கட்டிலுக்குக் கீழே ஒரு பையை அடுக்கி வைத்துவிட்டு, தொடை நோகிறது என்ற சாட்டில் போனுக்குப் பக்கத்துக் கதிரையிலேயே குந்திக்கொண்டிருந்தான். மே போய் ஜூனும் வந்தது. முதல் மணியிலேயே பாய்ந்து எடுப்பான். தகப்பனின் சினேகிதர் அன்புராசா அங்கிளாக இருக்கும், மரக்கறி மலிவாம் என்பார். பேர்ணடெற் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளைக்கு விசர் பிடிக்கப் போகுது என்று பயந்துபோனாள்.

அவள் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள். திருநாளுக்கு மகன் சொரூபம் தூக்குவான், அவனுக்கு ஒரு வழியைக் காட்டும் என்று. அந்த வருடம் திருநாளை ஒட்டிய சனிக்கிழமை காலையில் பூசையும் சுற்றுப்பிரகாரமும். டெனிஸ்டன் மாட்டேன் என்றான். அவள் வாதாடவில்லை, அழுதாள். அவன் மசிந்துவிட்டான். இரண்டு மணித்தியாலம்தானே, சனிக்கிழமையில் எவன் எடுக்கப்போகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காம்பில் சனி, ஞாயிறு கிடையாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. தாயின் அழுகைக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

பேர்ணடெற் பூசை முடிந்து கொடுப்பதற்கு றோல்ஸ் பொரிக்க வீட்டில் நின்றாள். மத்தியானம் அமிர்தநாதர் வந்து ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அங்கே கோயில் கார் தரிப்பிடத்தைச் சுற்றி நாலு பேர் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். டெனிஸ்டன் முன்பக்கத்து வலத்தோள். செபங்களில் அவ்வளவு பிடிப்பில்லாதவன்தான், அன்றைக்கு மனதார மன்றாடினான். அந்தோனியாரே, அந்தப் போன் ஒருக்கால் வர வேண்டும், வேறொன்றும் கேட்கமாட்டேன் என்றான். வெயிலில் தோள்மூட்டு கன்றிப்போனது. அவனுக்கு அது சுகமாகக்கூட இருந்தது.

தாயைக் கண்டதும் முதல் வேலையாக, ஆரும் எடுத்தவையோ என்று கேட்டான். ஒருத்தரும் எடுக்கேல்லை என்றாள் அவள்.

அதற்குப் பிறகும் காத்திருந்தான். ஜூன் கழிந்தது. ஒருநாள் பின்னேரம் ரிவியைப் போட்டால் அந்த மேற்கு மாகாணத்து அணியின் உடுப்பில் கிரெக் நிற்கிறான்! கிரெக் இவனோடு பல்கலைக்கழகத்தில் மற்ற ஓரத்தில் ஓடியவன். வெள்ளைப் பெடியன், நல்ல உயரம், நல்ல வேகம், ஆனால் பிடிக்கத் தெரியாதவன். பந்து வழுக்குகிற சவர்க்காரக் கையன் என்று டெனிஸ்டன் வீட்டில் அவனைப் பகிடி பண்ணுவதுண்டு. பேர்ணடெற் அவனை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நான் சொல்லேல்லையே?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், சொல்ல வேறென்ன இருந்தது? அந்த ஆள் தேடுகிறவருக்கு ஒருதரம் எடுத்து, ஏன் கூப்பிடவில்லை என்று டெனிஸ்டன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீறாப்பு விடவில்லை. என்னைவிட அந்தச் சவர்க்காரக் கையன்தான் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும் என்று பையை அவிழ்த்து உடுப்புகளை அலுமாரியில் அடுக்கினான். அதன் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை.

மூன்று வருடம் போனது. டெனிஸ்டன் மார்க்கம் வீதியில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வேலை செய்தான். பிள்ளைகள் பிறந்து வீடு வாங்கி வான் தேடும் தமிழ்ச் சனத்துக்கு வான் விற்பதுதான் அவன் வேலை. கழுத்துப்பட்டி கட்டினான், கொஞ்சம் கொழுத்தான். யாராவது புட்போல் கதையை எடுத்தால், அவங்கள் எங்கடையளை எடுக்கமாட்டாங்கள் என்று தாயின் வார்த்தையைத் தானும் சொல்லுவான். சொல்லும்போது நெஞ்சுக்குள் ஒரு திமிர் வரும். தோற்றது நான் இல்லை என்கிற திமிர். மூன்று வருடமும் அவன் அதில்தான் உயிர் வாழ்ந்தான்.

ஓர் ஏப்ரலில் கிரெக் வான் பார்க்க வந்தான். முழங்கால் போய் விளையாட்டை விட்டுவிட்டானாம், மனைவி பிள்ளைத்தாச்சி. டெனிஸ்டனைக் கண்டதும் கட்டிப்பிடித்தான். மனைவி வானுக்குள் ஏறி இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, கிரெக் தயங்கித் தயங்கி ஒரு கதையைச் சொன்னான். உனக்குத் தெரியும்தானே, முதலில் உன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று தொடங்கினான். தெரியாது என்று டெனிஸ்டன் சிரித்தான். பகிடி விடுகிறான் என்று நினைத்தான்.

பகிடி இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் காம்பில் ஒரு றிசீவருக்குக் கணுக்கால் முறிந்தது. உடனே டெனிஸ்டனின் வீட்டுக்கு எடுத்தார்கள். சுத்தமான ஆங்கிலத்தில் ஒரு பெண், அப்படி ஒருவரும் இங்கே இல்லை, பிழையான நம்பர் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நம்பரைச் சரிபார்த்து மறுபடியும் எடுத்து, பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார்கள். அவள் இன்னும் உறுதியாக அதையே சொன்னாள். பல்கலைக்கழகப் பயிற்சியாளரைப் பிடிக்கப் பார்த்தால் அவர் எங்கோ ஏரிக்கரையில் மீன் பிடிக்கிறார். பின்னேரம் விமானம். பெடியன் பொய் நம்பர் தந்து ஏமாற்றிவிட்டான் என்று ஆள் தேடுகிறவருக்குச் சரியான கோபம். அடுத்த பெயர் கிரெக். அவன் அப்போது முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டு நின்றானாம். உன்னுடைய இடத்தில்தான் நான் மூன்று வருடம் விளையாடினேன், எனக்கே அது நன்றாகத் தெரியும், உன் கைகள் எனக்கு இல்லை என்றான். அவன் நல்லவன்தான். நல்லவனாக இருந்தது டெனிஸ்டனுக்கு இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது.

கிரெக்குக்கு வானைக் காட்டி, ஓடவிட்டு, விற்று, சாவியைக் கையில் கொடுத்து, வாசல் வரை போய் வழியனுப்பினான். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றான். அங்கே நின்றும் அவன் காதில் கேட்டது தாயின் குரல் இல்லை. குசினிக் கதவுக்குப் பின்னால் தொண்டையைத் தடிப்பாக்கிக்கொண்டு நின்ற பதினைந்து வயதுப் பெடியனின் குரல்தான்.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது பேர்ணடெற் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அவன் கழுத்துப்பட்டியைக் கழற்றாமலே மேசையில் இருந்தான்.

"அம்மா, நான் சுருவம் தூக்கப் போன அண்டைக்கு ஆரும் இங்கிலிசில எடுத்தவங்களோ?"

அவள் யோசிக்கவேயில்லை. முகம் மலர்ந்து திரும்பினாள்.

"எடுத்தவன், ரெண்டு தரம். உனக்கு ஆர் சொன்னது? உன்ர பேரை வடிவாச் சொல்லிக் கேட்டான். எனக்கு நெஞ்சு பக்கெண்டு போச்சு. யோசப்பின்ர பழைய அலுவலைக் கிண்டி இப்ப என்ர பிள்ளையில கை வைக்கப் போறாங்கள் எண்டு நினைச்சன். ரெண்டாந்தரம் எழுத்தெழுத்தாச் சொன்னான். நான் விடுவனே? நீ சொல்லித்தந்த மாதிரியே சொல்லி வைச்சுப்போட்டன். உனக்குச் சொன்னால் பயந்துபோவாய் எண்டு சொல்லேல்லை. அண்டைக்குப் பின்னேரமே அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினன், பிள்ளையைக் காப்பாத்தித் தந்தார் எண்டு."

டெனிஸ்டனுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வசனம் போதும். ஒரே ஒரு வசனத்தில் அவளை அந்த இடத்திலேயே முறித்துப் போடலாம். மூன்று வருடம் வெள்ளையர்கள் மேல் கொட்டிய அத்தனையையும் எடுத்து அவள் தலையில் கொட்டலாம். வாயைத் திறந்தான். அவள் ஈரக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, கெட்டிக்காரி என்று அவன் சொல்லப்போவதைக் கேட்பதற்காக நின்றாள். முன்பும் அப்படித்தான், அகப்பைக்காம்பைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

"வடிவாத்தான் சொல்லியிருக்கிறீங்கள்," என்றான்.

"ஏன் இப்ப கேக்கிறாய்? ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லை. கிரெக் வான் வாங்க வந்தவன். பழைய கதையள் கதைச்சனாங்கள்."

பேர்ணடெற்றின் முகம் சுருங்கியது.

"ஆர், அந்தச் சவர்க்காரக் கையனோ? என்ர பிள்ளையின்ர இடத்தையெல்லோ உவனுக்குத் தூக்கிக் குடுத்தவங்கள். நாசமாப் போவாங்கள். நிறத்தைப் பாத்தவங்கள், வேறை என்னத்தை?"

சொல்லிவிட்டு வழக்கம்போல் அவன் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவன் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டுவான், அதோடு அவளுக்கு மனம் ஆறும். டெனிஸ்டன் கோணல் விரலால் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஓம் அம்மா," என்றான். "அவங்கள் எங்கடையளை எடுக்க மாட்டாங்கள்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. இன்னொரு குழல் புட்டை அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையில் தட்டிவிட்டு, ஆறமுதல் சாப்பிடச் சொன்னாள். அவன் குனிந்து சாப்பிட்டான்.